அரளிச் சந்துப் பையன்

ஓசூர்
14.6.2024

பாசமுள்ள தம்பி திருமலைக்கு,

உன் அக்கா மாதேஸ்வரி எழுதறது. நான் நல்லா இருக்கேன். முட்டி வலி மட்டும் வாடகை தராம என்கூடவே குடியிருக்குது. நீ எப்படி இருக்கற? குடகு மழையில ஊறி மாவடு மாதிரி சுருங்கிட்டியா, இல்ல எஸ்டேட் சோத்துல தொப்பை போட்டுட்டியா? யுவஸ்ரீ அம்மா காலை அட்டை கடிக்காம இருக்குதா? உன்னக் கடிக்காதுன்னு எனக்குத் தெரியும். உன் ரத்தத்துல பாதி பயம், மீதி காப்பி.

ஊர் உலகமே கையில போனோட திரியறப்ப நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தபால்காரர். உன் எஸ்டேட்ல டவர் இல்ல. எனக்கு டவர் இருக்குது, போன் இல்ல. போன வருசம் ஆடியில எம்புள்ள சந்தோஷ் போன சேதி அந்தப் போன்லதான் வந்துச்சு. அன்னிக்குக் கீழ வெச்சதுதான். இன்னமும் எங்க மணி அடிச்சாலும் காதப் பொத்திக்கறேன். விடு, அத எழுத வரல.

எங்க ஏரியாவுக்குப் புதுசா ஒரு பேய் வந்திருக்குடா. கேளு. ஹைவேக்கு அந்தப் பக்கம் கம்பெனி, இந்தப் பக்கம் எங்க லைன் வீடுங்க. நடுவுல தடுப்பு, தடுப்புல அரளிச்செடி. முறையாப் போறதுன்னா பாலத்துக்கு அடியில சுத்திக்கிட்டுப் போகணும். எவன் போறான்? ஒரு இடத்துல செடிய மிதிச்சு மிதிச்சே சந்து பண்ணி, அது வழியா பைக்கக் குறுக்க விடறானுங்க. அரளிச் சந்துன்னே பேரு ஆயிடுச்சு. நம்ம சந்தோஷ் விழுந்ததும் அதே சந்துலதான். உனக்குத் தெரியாததா.

அந்தச் சந்துல ஒரு பையன் நிக்கறானாம். நீல யூனிபாரம், கழுத்துல ஐடி கார்டு. பேய்னா ராத்திரிதானேன்னு கேப்ப. இது ஷிப்டு பாத்து வர்ற பேய். உச்சி வெயில்ல, செகண்ட் ஷிப்டுக்கு ஆளுங்க போற நேரத்துலதான் வரும். குறுக்க போற வண்டி மெதுவானதும் பின்னாடி ஏறி உக்காந்துக்குமாம். சீட்டு அமுங்குமாம். ‘அண்ணா, கம்பெனி வாசல்ல விட்டுடுங்க’ன்னு காது கிட்ட கேக்குமாம். வாசல்ல வந்து திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. ஒரு தடவ ஏத்தினவனுக்கு ஜுரம். ரெண்டாம் தடவ ஏத்தினவன் வீடு திரும்ப மாட்டானாம்.

கேன்டீன்ல நான் சாம்பார் ஊத்தறதுக்குள்ள ஆளுக்கொரு கதை சொல்றாங்க. எங்க சூப்பர்வைசர் ஆனந்தராஜ், மீசைய முறுக்கிக்கிட்டே நடக்கற ஆளு, அவரே இப்ப பாலத்தச் சுத்திக்கிட்டு வர்றார். ‘என்னா சார், பெட்ரோல் மலிவாயிடுச்சா?’ன்னேன். மொறைச்சுட்டுப் போறார். எனக்குச் சிரிப்பு தாங்கல.

நீ இத வெளக்கு வெச்சப்புறம் படிக்காத. பயந்து யுவஸ்ரீ அம்மாவ எழுப்புவ.

எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லு.
உன் அக்கா
மாதேஸ்வரி


ஸ்ரீ மாதேஸ்வரா துணை

சோமவாரப்பேட்டை
2.7.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி திருமலை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். உன் முட்டிக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்க்கவும். மழை விடாமல் அடிக்கிறது. தபால் பையை எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஜீப்பில் சந்தைக்குப் போகும் அன்றைக்குத்தான் வாங்கி வருகிறார். தாமதம் ஆனால் கவலைப்படாதே.

அக்கா, நீ சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீல யூனிபாரம், அதே சந்து, அதே நேரம். இதை எழுதும்போது உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? அது நம்ம சந்தோஷ்தானா? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்லு.

சின்ன வயசில் அரிசிப் பானைக்குள் இருந்து பூனை பாய்ந்ததற்கு நான் கத்தியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாய். சிரி. ஆனால் இது விளையாட்டு இல்லை. வயசுப் பையன் அற்பாயுசில் போனால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். இங்கே காப்பிக் காட்டில் ஒரு மேஸ்திரி மரம் விழுந்து செத்தார். அந்தப் பாத்தியில் பெண்கள் இன்றைக்கும் தனியாகப் பழம் பறிக்க மாட்டார்கள்.

இன்னொரு சேதி. நம் பெண் யுவஸ்ரீக்கு உங்கள் கம்பெனியிலேயே வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. உன்னிடம்தான் தங்க வைக்கலாம் என்று நினைத்திருந்தோம். உன் கடிதத்தைப் படித்த பிறகு அனுப்ப மனசு வரவில்லை. உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு.

இப்படிக்கு
உன் தம்பி
திருமலை


ஓசூர்
10.7.2024

வீராதி வீரன் திருமலைக்கு,

அக்கா சௌக்கியம். வேப்பெண்ணெய் தேய்ச்சேன். முட்டி வலி போகல, பக்கத்துல வந்தவங்கதான் போனாங்க.

ஏன்டா, பொண்ணு படிச்சு வேலை வாங்கியிருக்கா, நீ பேய்க்குப் பயந்து வேண்டாம்னு எழுதறியே. வர்ற மாப்பிள்ள கேட்டா என்னா சொல்லுவ? அந்தப் பேய் ரூல்ஸ் தெரிஞ்ச பேய். பாலத்தச் சுத்திப் போறவங்களத் தொடவே தொடாது. சந்துல குறுக்க பூந்து போறவங்களோடதான் அதுக்குப் பேச்சுவார்த்தை. யுவஸ்ரீய நான் கையப் புடிச்சு பாலத்துக்கு அடியில கூட்டிக்கிட்டுப் போறேன், போதுமா?

ஒரு அதிசயம் தெரியுமா? இப்ப ஒருத்தனும் அந்தப் பக்கம் போறதில்ல. சந்துல புல்லு மொளச்சிருக்குது. மிதிபட்ட அரளி மறுபடியும் துளிர் விட்டிருக்குது. நேத்து பூவே வந்துடுச்சு.

நீ ஒண்ணு நேராக் கேட்டிருந்த. அதுக்கு இன்னொரு நாள் எழுதறேன். இப்ப அரிசி ஊற வெக்கணும்.

பொண்ண அனுப்பு. தலகாணிக்கு உறை போட்டு வெச்சிருக்கேன். சந்தோஷ் கட்டில்தான். சும்மாதானே கெடக்குது.

அக்கா
மாதேஸ்வரி


ஸ்ரீ மாதேஸ்வரா துணை

28.7.2024

அக்காவுக்கு வணக்கம். இங்கு சுகம். மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடக்கிறது, அதனால் கார்டுதான். யுவஸ்ரீ ஆடி முடிந்ததும் வருகிறாள். அவள் பையில் மாதேஸ்வரமலை விபூதியும் எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறேன். பழத்தை நிலைவாசலில் கட்டவும். உச்சி வேளையில் அவளை வெளியே விடாதே. நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

திருமலை


ஓசூர்
19.8.2024

என் பயந்தாங்கொள்ளித் தம்பிக்கு,

அக்கா நல்லா இருக்கேன். உன் மக பத்திரமா வந்து சேந்தா. வந்த அன்னிக்கே என் முட்டிக்கு பெல்ட் வாங்கிக் குடுத்தா. விபூதிய சாமி படத்துகிட்ட வெச்சேன். எலுமிச்சம்பழம் நல்லா சாறு புடிச்சிருந்துச்சு, சாதம் கிண்டிட்டேன். திட்டாத. பேய் வந்தா அதுக்கும் ஒரு கரண்டி போடறேன்.

இப்ப நீ கேட்டதுக்கு வரேன். உன்கிட்ட மட்டும் சொல்றேன், யுவஸ்ரீக்குக்கூடத் தெரியக்கூடாது. சந்தோஷையும் நான்தான் பெத்தேன். அந்தப் பேயையும் நான்தான் பெத்தேன்.

பொங்கல் கழிச்சு ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு பையன் மூச்சு வாங்க வந்து தட்ட நீட்டறான். ‘அக்கா, சந்து வழியா வந்தேன், கண்டெய்னர் லாரி சட்டைய உரசிக்கிட்டுப் போச்சு’ன்னு சிரிக்கறான். மீசகூட சரியா மொளைக்கல. சந்தோஷ் போனப்புறம் எத்தன பேர்கிட்ட கெஞ்சியிருக்கேன் தெரியுமா, அந்த வழியில போகாதீங்க கண்ணுங்களான்னு. ‘சரிக்கா, சரிக்கா’ன்னு சொல்லிட்டு அந்த வழியிலயேதான் போவானுங்க. யாரோ போர்டு வெச்சாங்க. அதுல சாஞ்சுக்கிட்டு போன் பாத்தானுங்க. பெத்தவ அழுதா யாருக்குடா பயம் வருது?

அன்னிக்கு என்னா தோணுச்சோ, கரண்டியக் கீழ வெச்சுட்டு, குரலத் தணிச்சு, ‘ஏன் சாமி, உன் வண்டி பின்னாடி ஒரு பையன் உக்காந்து வந்தானே, அவன் சாப்பிட வரலையா?’ன்னு கேட்டேன். அவன் மொகம் வெளுத்துப் போச்சு. ‘நான் தனியாத்தான்க்கா வந்தேன்’ங்கறான். நான் பாட்டுக்கு ரசம் ஊத்துனேன். அவ்வளவுதான்டா என் வேலை. மீதிய அவனுங்களே பாத்துக்கிட்டானுங்க. ஜுரம் வர்றது, ரெண்டாம் தடவ ஏத்துனா திரும்ப மாட்டான்ங்கறது, இதெல்லாம் மட்டும் அப்பப்ப தாளிச்சுக் கொட்டினது நான்.

அதுக்கப்புறம் அந்தச் சந்துல ஒரு உசுரும் போகல. அதனாலதான் சிரிக்கறேன். உன் மருமவன் செத்தும் வேலைக்குப் போறான்டா, வாட்ச்மேன் வேலைக்கு.

கிழிச்சுப் போடு இந்தக் கடுதாசிய.

உன் அக்கா
மாதேஸ்வரி


ஓசூர்
27.9.2024

தம்பிக்கு,

நல்லா இருக்கியா? உன்கிட்டருந்து ஒரு வரியும் வரல. மழையில தபால் நின்னு போச்சுன்னு யுவஸ்ரீ சொல்றா. இல்ல, நான் எழுதுனதுக்குக் கோவமா?

கோவத்த அப்புறம் வெச்சுக்க. இதக் கேளு.

கம்பெனிக்கு ஒடிசாவுல இருந்து கான்ட்ராக்ட் ஆளுங்க வந்திருக்காங்க. அதுல ஒரு பையன், வந்த புதுசு. ‘சோறு’, ‘தண்ணி’ தவிர ஒரு சொல்லும் தமிழ் தெரியாது. நேத்து மத்தியானம் கேன்டீனுக்கு வந்தவன் தட்ட வெச்சுட்டு சாப்பிடாம உக்காந்திருந்தான். ஆனந்தராஜ் இந்தியில கேட்டார். இவன் யாரோட வண்டியவோ வாங்கிக்கிட்டு சந்து வழியா வந்தானாம். யாரும் இவனுக்குக் கதை சொல்லல, சொன்னாலும் புரியாது. ஒருத்தன் பின்னாடி ஏறுனானாம். சரி, யாரோ நம்ம ஆளுன்னு இவனும் விட்டுட்டான். கம்பெனிப் பக்கம் திருப்பப் போனா, ஏறுனவன் தோளப் புடிச்சு, கைய இந்தப் பக்கம், லைன் வீட்டுப் பக்கம் காட்டுனானாம். ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னானாம். வண்டிய நிறுத்திப் பாத்தா பின்னாடி யாரும் இல்ல.

என்னா சொன்னான்னு ஆனந்தராஜ் கேட்டார். அந்தப் பையன் அர்த்தம் தெரியாம, கிளி சொல்ற மாதிரி, எங்களப் பாத்து அந்தச் சத்தத்த அப்படியே சொல்லிக் காட்டுனான்.

‘சொல்லாம வந்துட்டேன். அம்மாகிட்ட சொல்லாம வந்துட்டேன்.’

அப்புறம் அதுக்கு இந்தியில என்னா அர்த்தம்னு எங்களக் கேட்டான்.

திருமலை, இத நான் போடலடா. நான் கட்டுன கதையில கம்பெனி வாசல்ல விடச் சொல்லித்தான் கேப்பான். வீட்டுப் பக்கம் கை காட்டவே மாட்டான். இது எனக்குத் தெரியாத கதை. ஆனா தெரிஞ்ச கதை.

நீ பாத்திருப்ப. சந்தோஷ் கெளம்பறப்ப வண்டி மேல உக்காந்துக்கிட்டு ‘போயிட்டு வரேம்மா’ன்னு கத்துவான். நான் ‘போயிட்டு வா’ன்னு சொன்னாத்தான் கிக்கர ஒதைப்பான். நான் வேணும்னே பேசாம இருந்து வம்பு பண்ணுவேன். ‘யம்மோவ், ஷிப்டுக்கு லேட்டு, சொல்லித் தொலை’ன்னு கெடந்து கத்துவான். அவன் விழுந்த அன்னிக்கு எனக்குக் காலை ஷிப்டு. அவன் தூங்கறப்பவே நான் கெளம்பிட்டேன். மத்தியானம் அவனா எந்திரிச்சு, பூட்டி, சாவிய பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போயிருக்கான். வீட்டுல ஆள் இல்ல. யாருகிட்ட சொல்லுவான்?

இத நான் ஒரு ஜீவன்கிட்டயும் சொன்னதில்ல. இதுல சொல்றதுக்கு என்னா இருக்குது?

பதில் போடு.

மாதேஸ்வரி


ஓசூர்
6.10.2024

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

யுவஸ்ரீ எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். டிரெயினிங் முடிந்து அசெம்ப்ளி லைனில் போட்டுவிட்டார்கள். அம்மா இருமலுக்கு மருந்து குடிக்கிறாளா? ரைட்டர் பங்களா போனுக்கு அடித்தால் “அர்ஜென்டா?” என்று கேட்டு வைத்துவிடுகிறார். அதனால் கடிதம்.

அப்பா, அத்தை சரியில்லை. முன்பெல்லாம் நான் ஷூ போடுவதற்குள் பத்து கிண்டல் பண்ணுவார்கள். இப்போது கேன்டீனில் யாராவது அரளிச் சந்துப் பையனைப் பற்றிப் பேச்செடுத்தால் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள். “மெலிஞ்சிருந்தானா? செருப்பு போட்டிருந்தானா?” என்று விசாரிக்கிறார்கள். சாம்பார் வழிந்து தட்டுக்கு வெளியே போகிறது.

லீவு நாளில் உச்சி வெயிலில் கதவை விரியத் திறந்துவைத்து உட்கார்ந்துகொள்கிறார்கள். யார் அந்த வழியாகக் கிளம்பினாலும் “போயிட்டு வா” என்கிறார்கள். பால்காரரிடம் சொன்னார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் சொன்னார்கள். நேற்று மிக்சி விற்க வந்த ஆள் “எப்ப வரணும்க்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

ஒடிசாப் பையன் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டான். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் மந்திரவாதி யாரையாவது கூட்டிவந்து பேய்க்குக் கட்டு கட்டவேண்டும் என்று பேசுகிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் மத்தியானம் நான் தூங்கும்போது கட்டிலோரத்தில் யாரோ உட்காருவது போல மெத்தை அமுங்குகிறது. கண்ணைத் திறந்தால் அத்தைதான் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா முறையும் அத்தைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஏதாவது செய்யுங்கள் அப்பா.

உங்கள் மகள்
யுவஸ்ரீ


ஸ்ரீ மாதேஸ்வரா துணை

சோமவாரப்பேட்டை
20.10.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கு மழை நின்றது. உன் இரண்டு கடிதமும் யுவஸ்ரீ கடிதமும் ஒரே பையில் நனைந்துபோய் வந்தன. கோபம் எதுவும் இல்லை. உன் முட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

ஒரு கடிதத்தில் நான் பெத்த பேய் என்று சிரிக்கிறாய். அடுத்த கடிதத்தில் இது நான் கட்டியது இல்லை என்கிறாய். எனக்குப் படிப்பு குறைவு, பயம் அதிகம், எல்லாம் சரி. ஆனால் ஒன்று தெரிகிறது. நீ கதை கட்டித் தினமும் உச்சி வெயிலில் அவனைக் கூப்பிட்டாய். அத்தனை பேர் வாயிலும் அவனைக் கூப்பிட வைத்தாய். கூப்பிட்டால் வரமாட்டானா? அவன் அம்மா சொல் தட்டாத பிள்ளை.

மற்ற பிள்ளைகள் பிழைத்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் வெயிலில் நிற்கிறான் அக்கா. ஊரான் பிள்ளைகளுக்குக் காவல் நிற்கவா அவனைப் பெற்றாய்?

கொள்ளேகால் பக்கத்தில் கரியப்பன் என்று ஒரு பெரியவர். இங்கே மேஸ்திரிக்குக் கட்டு கட்டியவர் அவர்தான். மார்கழி அமாவாசை உச்சியில் வர ஒப்புக்கொண்டார். அவன் போட்ட சட்டை ஒன்று வேண்டுமாம். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும் நீதான் செய்யவேண்டும். பெற்றவள் வாயால் பேரைச் சொல்லி மூன்று தரம் ‘போ’ என்று சொல்லவேண்டும். சொன்னால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அப்புறம் எங்கேயும் நிற்கமாட்டான்.

அப்போது காப்பிப் பழம் பறிக்கும் நேரம், எனக்கு லீவு கிடைக்காது. நான் பக்கத்தில் இல்லாமல் நீ இதைச் செய்யவேண்டியிருப்பதுதான் எனக்குச் சங்கடம்.

மறுக்காதே அக்கா.

திருமலை


ஓசூர்
24.11.2024

தம்பிக்கு,

சௌக்கியம். யுவஸ்ரீயும் சௌக்கியம். உன் கடுதாசிய அரிசி டப்பா மேல வெச்சு தெனமும் படிக்கறேன். அதான் பதில் போட நாளாச்சு.

கட்டு கட்டிட்டாங்கன்னு தெரிஞ்சா மறுநாளே அந்தச் சந்து தொறந்துக்கும். புல்ல மிதிச்சுடுவானுங்க. உன் மககூட கம்பெனி லைன்ல நிக்கறவனுங்கள வந்து பாரு. எல்லாம் தட்டுல அப்பளம் ஒடஞ்சிருந்தா மூஞ்சியத் தூக்கிக்கற வயசு. அவன அனுப்பினா இவனுங்க லாரிக்கு முன்னாடி வருவானுங்க. இவனுங்க வராம இருக்கணும்னா அவன் வெயில்ல நிக்கணும். நான் எந்தப் பக்கம்டா நிப்பேன்?

இவ்வளவு நாளும் கதைதானேன்னு சிரிச்சேன். கதைன்னா யாருக்கும் கால் சுடாது. நீ ‘வெயில்ல நிக்கறான்’னு எழுதுன பாரு, அன்னில இருந்து என்னால மத்தியானத்துல செருப்புப் போட முடியல. வெறுங்கால்ல நடந்து பாக்கறேன். நல்லாத்தான் சுடுது.

சரி. அவர வரச் சொல்லு.

மாதேஸ்வரி


ஓசூர்
3.1.2025

பாசமுள்ள தம்பி திருமலைக்கு,

அக்கா நல்லா இருக்கேன். முட்டியும் நல்லா இருக்குது. காப்பிப் பழம் பறிச்சு யுவஸ்ரீ அம்மா கை கறுத்துப் போயிருக்குமே, தேங்கா எண்ணெய் தடவச் சொல்லு. உனக்குக் கறுக்கறதுக்கு இனிமே எடம் இல்ல.

உன் கரியப்பன் வந்தார். நானும் ஆறடி ஆள், சிவந்த கண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். என் தோளுக்கு வர்றார். பஸ்ல வாந்தி எடுத்துட்டு வந்து, முதல்ல மோர் கேட்டார். லைன் வீட்டு ஆளுங்க, ஷிப்டுக்குப் போறவனுங்க, வர்றவனுங்க, எல்லாரும் ரோட்டோரமா நின்னாங்க. ஆனந்தராஜ் மீசைய விட்டுட்டுத் தாயத்தப் புடிச்சுக்கிட்டு நின்னார். ஆணி அடிக்க மரம் தேடினார் கரியப்பன். அங்க ஏது மரம், அரளிதானே. அதுக்கு அடியில குழி தோண்டித் தகடு பொதைச்சார். பூசணிக்காய் ஒடைச்சார். எலுமிச்சம்பழத்த நாலு பக்கமும் வீசினார். யுவஸ்ரீ என் கையப் புடிச்சுக்கிட்டா.

சட்டைய குடுத்தேன். தொவைக்காம வெச்சிருந்த நீல சட்டை. அவன் கழட்டிப் போட்ட மாதிரியே ஒரு கை மட்டும் உள்பக்கம் திரும்பியிருந்துச்சு. அத ஒரு தேங்காய் மேல கட்டி எனக்கு எதுக்க வெச்சார். சூரியன் நட்டநடுவுல. ரெண்டு பக்கமும் லாரி போய்க்கிட்டே இருந்துச்சு, ஆனா அந்தச் சந்துல மட்டும் ஒரு சத்தமும் இல்லடா. காதுல பஞ்சு வெச்ச மாதிரி. அரளிப் பூ ஒண்ணு மட்டும், காத்தே இல்லாம, யாரோ ஒதுக்கிக்கிட்டு வர்ற மாதிரி அசைஞ்சுச்சு.

‘ஹேளம்மா’ன்னார். சொல்லுங்கறார். பேரச் சொல்லி மூணு தடவ ‘போ’ன்னு சொல்லணும்.

‘சந்தோஷு’ன்னேன். அவன் பேர வாய் விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாச்சு. சொன்ன உடனே தோணுச்சு, அவன் வண்டி மேல உக்காந்து காத்துக்கிட்டு இருக்கான், கிக்கர ஒதைக்காம. நான் வம்பு பண்ணிக்கிட்டு நிக்கறேன். லேட்டாவுது அவனுக்கு.

திருமலை, நீயே சொல்லு, வாசல் தாண்டறவங்கள நம்ம வீட்டுல என்னிக்காவது வெறும் ‘போ’ன்னு அனுப்பியிருக்கோமா? கடன் கேக்க வந்தவன்கிட்டகூட சொன்னதில்ல. மூணு தடவையும் எனக்கு அதுதான் வந்துச்சு.

‘போயிட்டு வாப்பா. போயிட்டு வா. போயிட்டு வா.’

கரியப்பன் தலையில அடிச்சுக்கிட்டார். கன்னடத்துலயும் தமிழ்லயும் மாத்தி மாத்தித் திட்டினார். ‘பெத்தவளே திரும்ப வரச் சொல்லிட்டா, இனிமே மாதேஸ்வரனே எறங்கி வந்தாலும் இவன நகத்த முடியாது, இந்தச் சந்து அவனோடது’ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்திட்டு, சட்டைய அவுத்து என் மேல வீசினார். கூடி நின்னவனுங்க மூஞ்சியப் பாக்கணுமே நீ! அடுத்த நாள் கம்பெனி மொத்தமும் பாலத்தச் சுத்திக்கிட்டுத்தான் போச்சு. இத்தன நாளா பேயாவது ஒண்ணாவதுன்னு பீத்திக்கிட்டிருந்த ரெண்டு தடிப் பயலுங்களும் சேத்திதான்.

கரியப்பனுக்கு சோறு போட்டு பஸ் ஏத்தினேன். ஏறுறப்ப அவர் என்னா சொன்னார் தெரியுமா? ‘ஹோகி பர்த்தீனம்மா’ன்னார். போயிட்டு வரேங்கறதத்தான் அவங்க பாஷையில அப்படிச் சொல்றாங்க. ‘ஏன் பெரியவரே, போறேன்னு சொல்லிட்டுப் போறதுதானே?’ன்னேன். அப்புறம் என் தலையில கைய வெச்சுட்டு ஏறிட்டார்.

நீ கோவப்படாத. அவன் வெயில்ல நிக்கறான்னு எழுதுனியே. இனிமே அவன் நிக்கலடா. போறான், வரான்.

சட்டையத் தொவச்சுக் கொடியில போட்டேன். இன்னிக்கு மத்தியானம் யுவஸ்ரீ செகண்ட் ஷிப்டுக்குக் கெளம்புனா. நான் உள்ள மாவு கரைச்சுக்கிட்டு இருந்தேன். ‘அத்த, போயிட்டு வரேன்’னு வாசல்ல இருந்து கத்துனா. ‘போயிட்டு வா’ன்னேன். மறுபடியும் ‘போயிட்டு வரேன்’னு கேட்டுச்சு. ‘அதான் சொல்லிட்டேனே, போயிட்டு வா’ன்னு சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தேன். செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தவ நிமிந்து பாத்தா. ஒரு தடவதான் சொன்னாளாம். மாதேஸ்வரன் மேல சத்தியம் பண்றா.

ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டேன்.

யுவஸ்ரீ அம்மாவ விசாரிச்சதாச் சொல்லு.

உன் அக்கா
மாதேஸ்வரி